மூட்டை தூக்கிய டியூட்டர்

ஏலக்காய் மூட்டை பார்க்கத்தான் பெரிது, தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொன்னவர் மூட்டையைப் பார்த்தவராக இருப்பார். தூக்கியவராக இருக்க மாட்டார். நான் தூக்கியிருக்கிறேன்.

போடியில் காய் அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கி. மழை விட்டிருந்த ஒரு முற்பகல். சாக்கின் நார் கன்னத்தில் உரசியது. காயின் காட்டம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மினால் மூட்டையோடு நானும் விழுவேன் என்று பல்லைக் கடித்து அடக்கினேன். காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கால்களையே பார்த்தார்கள். மதுரைக்குப் போய் பி.ஏ. படித்துவிட்டு வந்த கால்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"டேய், என்ன அன்ன நடை நடக்குற? வெரசா கொண்டுபோயி ஜீப்புல ஏத்து!" என்று முதலாளி சத்தம் போட்டார். அவர் பக்கத்தில் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஏலத்தோட்டக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மூட்டையோடு வாசல் பக்கம் திரும்பினேன். வாசலில் அய்யா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பெற்றவர். எங்கள் ஊர் சிலமலையிலிருந்து வெளுத்த வேட்டி கட்டி, தோளில் துண்டும் கையில் ஒரு துணி முடிச்சுமாக வந்திருந்தார்.

அந்த வாசலிலிருந்து இப்போதைக்கு நகர்ந்துவிடுகிறேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. நான் அந்த மூட்டைக்கு அடியில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்படின்னா என்ன சோலி?

சென்ற வாரம் இந்தப் பகுதியில் கல்லூரி விடுதிச் சாம்பாரை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதியிருந்தேன். அந்தச் சாம்பாரைக் குடித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவனுக்கு வேலை கிடைக்கவில்லை. மனுப் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான்தான். அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் எழுத்து வாசனையே கிடையாது. அதனாலோ என்னவோ, அய்யா என்னை மம்பட்டியைத் தொடவே விட்டதில்லை. தோட்டத்துக்குக் கூடவே போனாலும் வரப்பில் உட்கார வைத்துவிடுவார். "கையி காச்சுப்போனா பேனா பிடிக்க வராதுடா" என்பார். சித்தப்பா பிள்ளைகள் வெயிலில் வெட்டிக்கொண்டிருக்க, நான் பண்ணையார் மாதிரி நிழலில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

அப்படிப்பட்டவரிடம் போய் ஒருநாள், "போடியில சுருளியாண்டி முதலாளிகிட்ட டியூட்டர் வேலை கெடைச்சிருக்குய்யா" என்றேன்.

"டூட்டரா? அப்படின்னா என்ன சோலிப்பா?"

நியாயமான கேள்வி. எங்கள் கல்லூரியில் டியூட்டர் என்றால் வாத்தியார்களில் கடைக்குட்டி. பெரியவர்கள் நடத்திவிட்டுப் போனதைச் சின்னக் கூட்டத்துக்கு மறுபடி நடத்துவார். பெரியவர்கள் லீவு போட்டால் வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார். ஜமீன் வீடுகளில் இருந்த டியூட்டர் வேறு ரகம். சின்ன ஜமீன்தாருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து, அவருடன் பந்து விளையாடி, அவர் செய்த குறும்புக்குப் பெரிய ஜமீன்தாரிடம் திட்டும் வாங்கிக்கொள்வார். போடித் தெருக்களில் அந்தப் பெயரே புழக்கத்தில் இல்லை. அங்கே டியூசன் வாத்தியார்தான். பரீட்சையில் கோட்டை விட்ட பையன்களைச் சாயங்காலம் பிடித்து உட்காரவைத்துக் காதைத் திருகுவார். மலை ஏறி மேலே போனால் மலையாளம் கலந்து 'மாஷே' என்று கூப்பிடுவார்கள்.

எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ஒரு சங்கடம் பொதுவானது. அந்த மனிதர் பாதி வாத்தியார்தான். அவருக்கென்று பள்ளிக்கூடமோ கரும்பலகையோ கிடையாது. இன்னொருவர் வீட்டுக்குள் போகிறார், ஆனால் விருந்தாளி இல்லை. சம்பளம் வாங்குகிறார், ஆனால் வேலைக்காரர் என்றும் சொல்ல முடியாது. காப்பியை எந்த டம்ளரில் கொடுப்பது என்று அந்த வீட்டுப் பெண்களுக்கே குழப்பம் வரும்.

இதையெல்லாம் அய்யாவிடம் எப்படி விளக்குவது? "பாடம் சொல்லிக்குடுக்குற வேலைய்யா" என்றேன்.

"அட, வாத்தியாரு! அதைச் சொல்ல வேண்டியதுதான?"

அன்று சாயங்காலமே டீக்கடையில் செய்தி பரவிவிட்டது. எம் மகன் போடியில வாத்தியாரு. பாடம் யாருக்கு என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நல்லவேளை. கேட்டிருந்தால் சொல்ல வழியில்லை.

எரிகிற சூடம்

ஏனென்றால் என் மாணவர் முதலாளியேதான்.

சுருளியாண்டி முதலாளிக்கு அப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் குரங்கணி மலைப்பாதையில் காய் மூட்டையைத் தலைச்சுமையாக இறக்கியவர். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து சொந்தக் கிட்டங்கி, சொந்த ஜீப்பு என்று நிமிர்ந்துவிட்டார். நடுவில் எழுத்து படிக்க மட்டும் நேரம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அது யாருக்கும் தெரியாது. மூக்குக் கண்ணாடி வைத்திருந்தார். காலையில் பத்திரிகையை மடியில் விரித்துக்கொள்வார். யாராவது வந்தால், "கண்ணு கூசுதுப்பா, என்ன போட்டிருக்கான்னு நீ படி" என்பார். ஒருமுறை காதில் விழுந்தால் அவருக்கு மறக்காது. மறுநாள் அதை வேறு ஆளிடம் எடுத்துச் சொல்லும்போது, நாலு பத்திரிகை படித்தவர் மாதிரி இருக்கும்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. ஊர் இளைஞர்கள் ஒரு படிப்பகம் வைக்க ஆசைப்பட்டார்கள். முதலாளி இடம் கொடுத்துக் கட்டியும் கொடுத்தார். நன்றி மிகுதியில் அவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். திறப்பு விழாவில் முதலாளிதான் அன்றைய பத்திரிகையை மைக்கில் உரக்கப் படித்துத் தொடங்கி வைக்க வேண்டும்! அவரும் மறுக்க முடியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்து, எனக்கு ஆள் அனுப்பினார்.

கிட்டங்கியின் பின் அறையில் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "தம்பி, எனக்கு எழுத்து தெரியாது. இது என் சம்சாரத்துக்குத் தெரியும், இப்ப உங்களுக்குத் தெரியும். அம்புட்டுத்தேன்."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சுவரைப் பார்த்துப் பேசியதில் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

பிறகு ஒரு வெற்றிலையில் சூடத்தை வைத்து ஏற்றினார். "விழாவுல நான் படிச்சு முடிக்கிற வரைக்கும், நீங்க எனக்குப் பாடம் சொல்றது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. பெத்தவகளுக்கும் தெரியக்கூடாது. அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

உள்ளங்கையை வைத்து அணைத்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக் கூண்டில் ஏறிக் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட, சூடம் என்றால் பின்வாங்கிவிடுவான். நான் பி.ஏ. படித்தவன்தான். ஆனாலும் சிலமலைக்காரன்.

வேஷம் மேல் வேஷம்

அந்த வீட்டில் படிக்கிற வயதில் ஒரு பிள்ளை இருந்திருந்தால் தொல்லையே இல்லை. அந்தப் பிள்ளைக்கு வந்த வாத்தியார் என்று சொல்லிவிடலாம். முதலாளிக்கு எல்லாம் பெண்கள்; கட்டிக்கொடுத்தாயிற்று; பேரப்பிள்ளைகள் கோயமுத்தூரில். ஆகவே பின் அறைக் கதவு தட்டப்படும்போதெல்லாம் நான் வேறு யாராகவோ ஆக வேண்டியிருந்தது.

ஒருநாள் முதலாளியம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. இன்னொரு நாள் கடிகாரம் ரிப்பேர் பார்க்க வந்தவன். ஒருமுறை அவசரத்தில், "நம்ம சொந்தத்துல ஒரு பொண்ணுக்குப் பாத்த மாப்ளே" என்று சொல்லிவிட்டார். வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, நட்சத்திரம் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவரே தன் தங்கச்சி மகள் ஜாதகத்தோடு வந்து நின்றார். அதைச் சமாளிக்க, நான் கல்யாணமே வேண்டாம் என்று சாமியாராகப் போகப்போவதாக முதலாளி இன்னொரு கதை கட்டினார்.

பாடம் சுலபமாக இல்லை. அவருடைய ஞாபகசக்திதான் எனக்குப் பெரிய எதிரி. நான் ஒருமுறை படித்துக் காட்டினால் பக்கத்தை அப்படியே ஒப்பித்துவிடுவார். விரல் மட்டும் எழுத்துகளின் மேல் சும்மா ஊர்ந்து போகும். ஒருநாள் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து திரும்பிவிட்டன. அவரோ விட்டுப்போன பக்கத்தையும் சேர்த்து அழகாகப் படித்துக்கொண்டு போனார். அன்றைக்கு நான் போட்ட சத்தம் கொஞ்சமல்ல. பூட்டிய அறைக்குள் எனக்கு அப்படி ஒரு துணிச்சல் வந்திருந்தது. அவரும் அங்கே என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார்.

கதவு திறந்ததும் நான் யாரும் இல்லை. முதலில் அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக அவமானமாக இருந்தது. என்னிடம் படிப்பதை ஒரு மனிதர் திருட்டுச் சரக்கு மாதிரி மறைக்கிறார் என்றால், நான் என்ன வகை வாத்தியார்? அவருக்கு என்னால் வெட்கம். எனக்கு அவரால் வெட்கம். இரண்டு வெட்கங்களும் அந்தச் சின்ன அறையில் எதிரெதிரே உட்கார்ந்து அ, ஆ படித்தன.

சிலமலை பஸ்சு

அன்றைக்குக் கிட்டங்கிக்குள்ளேயே பாடம் வைத்திருந்தேன். அடுக்கியிருந்த மூட்டைகளின் மேல் பெயின்டில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி அவரைப் படிக்கச் சொன்னேன். தோட்டக்காரர்கள் திடுதிப்பென்று உள்ளே நுழைந்தபோது என் விரல் ஒரு மூட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைக்குக் கிடைத்த வேஷம் அதுதான்.

"இதாரா? புதிய ஆளாணோ?" என்று அவர்களில் ஒருவர் மலையாளத்தில் கேட்டார்.

"லோடு ஏத்த வந்த பய. சுத்தச் சோம்பேறி. டேய், பராக்கு பாக்காம தூக்கு!" என்றார் முதலாளி. 'சுத்தச் சோம்பேறி' தேவையில்லாதது. அவர் நடிப்பில் இறங்கினால் கொஞ்சம் கூடுதலாகத்தான் போவார்.

தூக்கினேன். திரும்பினேன். வாசலில் அய்யா.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. முதலாளிக்கு அவர் யாரென்று தெரியாது. "யாருய்யா அது? என்ன வேணும்?" என்றார்.

அய்யா மூட்டைக்கு அடியில் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "ஒண்ணுமில்லீங்க. சிலமலை பஸ்சு எங்கிட்டு நிக்கும்னு கேட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

சிலமலைக்கு பஸ்சு விட்ட நாளிலிருந்து அதில் வந்து போகிறவர் அவர். முதலாளி கையை நீட்டி வழி சொன்னார். அய்யா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். துணி முடிச்சு நிலைப்படியிலேயே கிடந்தது.

அதில் வறுத்த நிலக்கடலை இருந்தது. நான் பாடம் சொல்கிற பிள்ளைகளுக்கு வறுத்துத் தருவதாக ஆத்தா முன்பே சொல்லியிருந்தாள். காய் பொறுக்குகிற பெண்கள் பிரித்து ஆளுக்கொரு கை எடுத்துக்கொண்டு, நல்ல கடலை என்றார்கள்.

நான் மூட்டையை ஜீப்பில் ஏற்றினேன். பெற்றவர் என்னைத் தெரியாதவர் மாதிரி போய்விட்டார். அதற்குக் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை. அந்தக் கோலத்தில் இருந்தவனைத் தன் மகன் என்று அவர் எப்படிச் சொல்லுவார்?

மம்பட்டி

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அய்யா மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க நெனைக்கிற மாதிரி இல்லய்யா" என்றேன்.

"நான் ஒண்ணும் நெனைக்கல."

"நான் அங்க வாத்தியார்தான்."

"யாருக்கு?"

சூடத்தை அணைத்த கையைப் பார்த்தேன். ஒரு கட்டுத் தட்டையை எடுத்து மாட்டுக்கு முன்னால் போட்டேன்.

"வேலை கெடைக்கலைன்னா கெடைக்கலைன்னு சொல்லியிருக்கலாம் அப்பு" என்றார். குரலில் கோபம் இல்லை. "நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து நிக்கிறேன்." பிறகு மாட்டுக் கொட்டத்துக்குள் போய் மம்பட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "தூக்குறது, வெட்டுறதுன்னு ஆயிப்போச்சு. ஊரான் மூட்டையத் தூக்குறதுக்குப் பதிலா நம்ம மண்ண வெட்டு."

அவர் அதன் பிறகு டீக்கடைப் பக்கம் போவதில்லை என்று ஆத்தா சொன்னாள்.

மறுநாள் முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் ஆடிப்போய்விட்டார். "அது உங்க அய்யாவா? அடப்பாவி, நான் என்னெல்லாம் சொன்னேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "விழாவுக்கு அவரைக் கூட்டியாங்க. படிச்சு முடிச்ச கையோட நானே மைக்குல சொல்றேன், இவருதேன் என் வாத்தியாருன்னு. அதுவரைக்கும் பொறுங்க."

பொறுத்தேன். அய்யாவையும் கெஞ்சிக் கூத்தாடி விழாவுக்கு அழைத்து வந்தேன். வாசலில் வாழைமரம், காகிதத் தோரணம், ஒலிபெருக்கி. நாங்கள் கூட்டத்தின் கடைசியில் நின்றோம். முதலாளி எழுந்து கண்ணாடியை மாட்டினார். பத்திரிகையை விரித்தார். காலையிலேயே நான் பார்த்துவிட்டேன், முதல் வரியில் கடினமான எழுத்தே இல்லை. அவரால் முடியும்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. அவர் இருமினார். மறுபடி இருமினார். "தொண்டை கட்டிருச்சுப்பா. யாராச்சும் வாங்கிப் படிங்க" என்று பத்திரிகையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவர் படிக்காததால் என் சத்தியமும் அப்படியே நின்றது.

"போலாமா?" என்றார் அய்யா. "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

மஞ்சள் பை

அதோடு போடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மம்பட்டி பிடித்தேன். கையில் கொப்புளம் வந்தது. சித்தப்பா பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் செய்யாததுதான் அதிகமாக வலித்தது.

ஒரு மத்தியானம் முதலாளியின் ஜீப்பு எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்க வாசலில் கூடிவிட்டார்கள். அவர் மட்டும் இறங்கி வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். அய்யா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"உம்ம மகனைத் திரும்பக் கூப்பிட வந்தேன்யா."

"லோடு தூக்க இவனுக்கு வராதுங்க. நானே பாத்தேன்ல."

"லோடுக்கு இல்ல. இவரு எனக்கு வாத்தியாரு. எனக்கு எழுத்து தெரியாது. இவருதேன் சொல்லித்தர்றாரு. வெளிய சொல்லக்கூடாதுன்னு சூடத்துல சத்தியம் வாங்கினது நாந்தேன்."

அய்யா லேசாகச் சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. "பெரியவுக, எங்க மனசு தேறட்டும்னு சொல்றீக. படிப்பகம் கட்டினவுக எழுத்து தெரியாதுன்னு சொன்னா நாங்க நம்பணுமா?"

முதலாளி திகைத்துப்போனார். ஆயுள் முழுக்க மூடி வைத்ததைத் தானே திறந்து காட்டுகிறார், நம்ப ஆளில்லை. "எதையாச்சும் கொண்டாங்க, படிக்கிறேன். நீங்களே பாருங்க" என்றார்.

எங்கள் வீட்டில் படிக்க என்ன இருக்கிறது? என் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷ். ஆத்தா தேடிப் பார்த்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த ஜவுளிக்கடை மஞ்சள் பையை எடுத்து, உள்ளே இருந்த மிளகாய் வற்றலைக் கொட்டிவிட்டுக் கொடுத்தாள். 'கல்யாணப் பட்டுகளுக்குச் சிறந்த இடம்' என்று அதில் சிவப்பில் அச்சடித்திருந்தது.

முதலாளி பையை முழங்காலில் விரித்து விரலை வைத்தார். "கல்... யா... ணப்... பட்... டு..." நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "பட்டு... களுக்கு..." கொஞ்சம் நிறுத்தினார். "நல்ல எடம்."

"நல்ல எங்க இருக்கு? எழுத்தைப் பாத்துப் படிங்க! வாய்க்கு வந்ததைச் சொன்னா அதுக்குப் பேரு படிப்பா?"

அது என் குரல்தான். பூட்டிய அறைக்குள் வருகிற குரல், பழக்கத்தில் வெளியே வந்துவிட்டது. வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள் இன்னும் கிட்டே நெருங்கி எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதேன் வாத்தியாரே, தப்புதேன்" என்று விரலை மறுபடி பழைய இடத்தில் வைத்தார். "சி... ற..."

தன் மானத்தை எங்களுக்காக விட்டுக்கொடுக்க வந்த மனிதரை ஊர் பார்க்க அதட்டிவிட்டேன். அய்யா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது.

அடுத்த எழுத்து முதலாளிக்கு வரவில்லை. விரல் அங்கேயே நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். அய்யாவைப் பார்த்ததும் வெட்கம் தாங்காமல் பையை மடிக்கத் தொடங்கினார்.

அய்யா கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். முதலாளி கையிலிருந்த பையை வாங்கி, அவர் முழங்காலிலேயே மறுபடி விரித்துவிட்டார்.

"தப்பா வந்தா என்ன, படிங்க. எம் மகன் சொல்லித் தருவான்" என்றார்.